ஏட்டைத் தூக்கி ஆடும் திருநாள்

நம் ஸ்ரீபெரும்புதூரில் பெருமாள் வீதி வரும்போது, முன்னே திவ்யப் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டி போகும், பின்னே வேத பாராயணம் வரும். நடுவில் சுவாமி. இது நமக்குப் பழகிய வரிசை. சுவாமி இருக்கும் இடத்தில் ஏட்டையே வைத்து வலம் வரும் விழா ஒன்று பக்கத்து மாநிலத்தில் பல நூற்றாண்டுகள் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொச்சி யூதர்களின் சிம்ஹத் தோரா திருநாள்தான் அது.

ஒரகடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மட்டாஞ்சேரி போய், 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்தேன். அங்கே கேட்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்து ஆகமங்கள். தோல் சுருளில் கையால்தான் எழுத வேண்டும். வாரம் ஒரு பகுதியாக வாசித்து ஆண்டில் ஒருமுறை முடிப்பார்கள். முடிக்கும் நாள் சிம்ஹத் தோரா. கூடாரப் பண்டிகையை ஒட்டி, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். உபாகமத்தின் கடைசி வரியை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். சுருள்களை எடுத்துக்கொண்டு ஏழு சுற்று வலம் வருவார்கள். பல ஊர்களில் அது ஆட்டமாகவே மாறிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பண்டிகை நாளில் கை தட்டவோ ஆடவோ கூடாது என்பது அவர்களுடைய பழைய விதி. ஆடினால் வாத்தியம் வேண்டும், வாத்தியம் பழுதானால் சரி செய்யத் தோன்றும், அது வேலை செய்ததாகிவிடும் என்பது காரணம். தோராவின் கௌரவத்துக்காக இந்த ஒரு நாள் ஆடலாம் என்று விலக்குத் தந்தவர் ஹாய் காவோன் என்ற பாபிலோனியப் பெரியவர். அவர் மறைந்தது 1038-ல். நம் உடையவர் பிறந்தது 1017-ல்.

ஆடினாலும் மரியாதை குறையக் கூடாது. சுருள் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். தோலை வெறும் கையால் தொடக் கூடாது. சுருள் கீழே விழுந்துவிட்டால் நாற்பது நாள் உபவாசம் இருப்பது வழக்கம். அன்று சிறு பிள்ளைகளையும் வாசிப்பு மேடைக்கு அழைத்து, தலைக்கு மேல் ஒரு பெரிய சால்வையைப் பிடித்து ஆசீர்வதிப்பார்கள்.

ஐரோப்பாவில் சுருளைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்து ஆடுவார்கள். கொச்சியில் அது வெள்ளித் தகடு போர்த்திய மரப் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும், மேலே கிரீடம். திருவிதாங்கூர் மகாராஜா அளித்த பொற்கிரீடம் ஒன்றும் உண்டு. இந்தத் திருநாளுக்காகத் தற்காலிகமாக ஒரு மண்டபம் கட்டி, பட்டும் மல்லிகையும் சாத்தி, எல்லாச் சுருள்களையும் கண்ணாரக் காணும்படி வைப்பார்கள். வெளியே அடுக்கடுக்கான எண்ணெய் விளக்குகள் எரியும். பிற்பகலில் சுருள்களை ஆலயத்துக்கு வெளியே எடுத்து வந்து சுற்றுவார்கள். முடிந்ததும் மண்டபத்தைப் பிரித்துவிடுவார்கள். அலங்காரம், புறப்பாடு, முடிவில் கலைத்தல் என்ற இந்த மூன்றும் கோயில் உற்சவத்தின் சாயல் என்றும், யூதச் சட்டத்துக்கு விரோதம் இல்லாமலே அதைச் செய்துகொண்டார்கள் என்றும் நேதன் கேட்ஸ், எலன் கோல்ட்பர்க் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஏடு எல்லோருக்கும் பொது என்றாலும், அதை நெருங்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களைப் பரதேசி ஆலயத்தில் சமமாக உட்காரவோ வாசிக்கவோ விடவில்லை. அந்த வழியில் வந்தவர் ஏ.பி. சேலம் (1882–1967). நம் சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர். காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் தளர்ந்தன. "யூத காந்தி" என்றே பெயர் வாங்கினார். திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை ஊருக்கே சொன்னார் என்று உடையவரைப் பற்றிச் சொல்லும் ஊர்க்காரர்கள் நாம். சேலத்தின் மனம் நமக்குப் புரியாமல் போகாது.

வழி திறந்த காலத்திலேயே ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள். 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. 1950-களில் பெரும்பாலானோர் அங்கே குடியேறினார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஆலயத்தின் உட்புறம் இன்று ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோராவைச் சபையில் முறைப்படி வாசிக்கப் பத்து ஆண்கள் வேண்டும். பரதேசி ஆலயத்தில் வெளியூர் யூதர்கள் வந்தால்தான் அந்தக் கணக்கு சேரும். சுருள், பெட்டி, கிரீடம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தூக்கத்தான் உள்ளூர்த் தோள்கள் இல்லை.

நம் பேரப்பிள்ளைகள் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சித்திரைத் திருவாதிரைக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்லி, கோஷ்டியின் பின்னால் நாலு வீதியாவது நடக்க வையுங்கள்.