6 மணி நேரத்தில் பாதி காலி... ஸ்கேன் ஊசிக்குள் இருக்கும் `டெக்னீசியம்' பற்றித் தெரியுமா?

`கதிரியக்க ஊசி போட்டுத்தான் எலும்பு ஸ்கேன் எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னதும் வயிற்றைக் கலக்குதா? அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம். அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும்.

காலியாகக் கிடந்த கட்டம்

தனிம அட்டவணையில் 43-வது இடம் பல வருஷம் காலியாகவே இருந்தது. காரணம், டெக்னீசியத்தின் எல்லா ஐசோடோப்புகளும் கதிரியக்கம் கொண்டவை. அதிக ஆயுள் கொண்டதே சுமார் 42 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகள். ஆரம்பத்தில் இருந்ததெல்லாம் எப்போதோ அழிஞ்சுபோச்சு. யுரேனியத் தாதுக்களில் மட்டும் துளித்துளியாகக் கிடைக்கும்.

1937-ல் இத்தாலியின் பலேர்மோவில், எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் இதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி சைக்ளோட்ரானில் துகள்களால் தாக்கப்பட்ட மாலிப்டினம் தகட்டில் அது ஒளிந்திருந்தது. செயற்கையாக உருவாக்கப்பட்ட முதல் தனிமம் இதுதான். `செயற்கையானது' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் பெயரானது.

பால் கறப்பது போல!

99எம் வகை 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்புறம் எப்படி ஸ்டாக் வைப்பது? அணு உலையில் தயாராகும் மாலிப்டினம்-99-ஐ ஒரு ஜெனரேட்டரில் அடைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அது சிதையச் சிதைய டெக்னீசியம் உருவாகும். உப்புக் கரைசலை உள்ளே செலுத்திப் பிரித்தெடுப்பார்கள். லேப் பாஷையில் இந்த ஜெனரேட்டருக்கு `பசு' என்றே பெயர்!

மாலிப்டினமும் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால், சேமித்து வைக்கவே முடியாது. 2009-ல் கனடாவின் சாக் ரிவர் அணு உலை கசிவால் மூடப்பட்டபோது, பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

பயப்படணுமா?

எந்த உறுப்பைப் பார்க்கணுமோ, அதுக்கேத்த மருந்துடன் சேர்த்து ஊசி போடுவார்கள். அங்கிருந்து வெளிவரும் காமா கதிர்களை கேமரா படமாக்கும். ஒரே நாளில் கதிரியக்கம் பதினாறில் ஒரு பங்காகக் குறைஞ்சிடும். சிறுநீரிலும் வெளியேறும், அதனால்தான் நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்றாங்க.

கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிடுங்க. பயந்துபோய் ஸ்கேனைத் தள்ளிப்போட்டா, நோய் காத்திருக்காது!