தஞ்சை நடன மரபும் நர்த்தகி நடராஜும்

வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் போன்ற அரங்குகளில் நிகழும் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் கொழும்புத் தமிழரின் சமூக வாழ்வில் சிறப்பிடம் பெறுவன. மகளின் ஆடலைக் குடும்பத்தின் பெருமையாகக் கொண்டு சுற்றமும் நட்பும் கூடுவதனால், நடனம் குடும்பம் அளிக்கும் சீர் என்ற எண்ணம் வலுப்பெற்றுள்ளது. ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, இக்கலையைப் பேணியோருட் பலர் சமூகத்தால் ஒதுக்கப்பட்டோரே என்பது புலனாகும். திருநங்கையான நர்த்தகி நடராஜின் வாழ்வு இதற்கு அண்மைக்காலச் சான்றாகும்.

ஆணாகப் பிறந்து பெண்மையை ஏற்றோர் தமிழ் நூல்களுக்குப் புதியவரல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் அவர்களை உயர்திணையில் அடக்குவதோடு, அவர்களைக் குறிக்கும் பெயர் ஆண்பாற் சொல்லைக் கொண்டு முடிதல் பொருந்தாது எனவும் விதிக்கின்றது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் ஒன்று, காமன் பேடியுருக் கொண்டு ஆடிய பேடு என்பதாகும். இலக்கணமும் கூத்தும் இடமளித்த இவர்களுக்குப் பிற்காலச் சட்டம் இடமளிக்கவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், அது நடைமுறைப்படுத்தப்பட்ட வட இந்தியப் பகுதிகளில், இத்தகையோர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றுவதையும் கூலிக்கு ஆடுவதையும் தண்டனைக்குரியதாக்கியது.

பரதநாட்டியத்தின் வரலாறும் இத்தகைய முரணுடையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் இன்றைய நடன நிகழ்ச்சியின் வரிசையை ஒழுங்குபடுத்தினர். அவர்கள் வகுத்ததை ஆடிக் காத்தவர் தேவதாசியர். இருபதாம் நூற்றாண்டில் நடனம் உயர்குடியினரின் மேடைக்கு ஏறிற்று. அதனைக் காத்த மகளிரோ இகழ்ச்சிக்கு ஆளாயினர். 1947ஆம் ஆண்டின் சென்னைத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. அவ்வழக்கத்தின் கொடுமை நீங்கியமை நன்றே. எனினும், அம்மகளிரின் கலையுரிமை மதிக்கப்பட்டதெனக் கூறுதல் இயலாது.

1964இல் மதுரையில் பிறந்த நர்த்தகி, இளமையில் வைஜயந்திமாலாவின் திரைப்பட நடனங்களைக் கண்டு ஆடப் பழகினார். பெண்மை உணர்வின் பொருட்டு வீட்டாராலும் ஊராராலும் வெறுக்கப்பட்ட அவருக்குத் துணையாய் நின்றவர் அதே நிலையினரான தோழி சக்தி. வைஜயந்திமாலாவுக்குப் பயிற்றுவித்தவர் தஞ்சை நால்வர் வழியில் வந்த கே. பி. கிட்டப்பா பிள்ளை என்பதை அறிந்து, இருவரும் அவரை நாடினர். ஆசான் உடனே இசைந்தாரல்லர். அவர்களுடைய உறுதியைக் கண்ட பின்னரே மாணவராக ஏற்றார். நர்த்தகி என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே. நெடுங்காலம் குருகுல முறையில் பயின்ற நர்த்தகி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆசானுக்கு உதவியாளராகவும் பணியாற்றினார். ஆசான் 1999இல் மறைந்தார்.

நர்த்தகி தமக்குரியதாகத் தெரிந்துகொண்ட துறை நாயகி பாவம் ஆகும். நம்மாழ்வார் முதலிய ஆண்பாற் புலவர் தம்மைத் தலைவியாகப் பாவித்து இறைவனைப் பாடியதைத் தமிழுலகம் பக்தியின் உச்சமெனப் போற்றுகின்றது. பாட்டில் ஏற்ற அதனை வாழ்வில் ஏற்க மறுத்த சமூகத்தின் முன், அப்பாடல்களையே நர்த்தகி ஆடிக் காட்டினார். அவரது ஆடலின் ஆழம் இங்கேதான் உள்ளது எனலாம்.

2007இல் கலைமாமணி, 2011இல் சங்கீத நாடக அக்காதமி விருது, 2019இல் பத்மஸ்ரீ ஆகியன அவரை அடைந்தன. பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை அவரே. 2021இல் தமிழ்நாடு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார்.

இலங்கையில் 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறுதற்கு வழிவகுத்தது. சான்றிதழ் பதிவேட்டில் பெயரையும் பாலையும் மாற்றவல்லது. வீட்டின் கதவைத் திறக்கவல்லதன்று. தஞ்சை மரபின் அருஞ்செல்வம் நர்த்தகியை வந்தடைந்தது, ஆசான் ஒருவர் தம் கதவைத் திறந்தமையாலேயே ஆகும். பிறப்பை நோக்காது பயிற்சியை நோக்கிய அச்செயல், மகளிரின் அரங்கேற்றங்களைப் பெருமையுடன் நடத்தும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் எண்ணிப் பார்த்தற்குரியது.