‘ரொட்டி சானாய்’: ஒரு சொல்லும் தென்காசி வட்டாரமும்

மலேசிய நாட்டில் ஊர்தோறும் தெருமுனையில் ஓர் எளிய உணவுக்கடை உண்டு. முன்புறம் சுவரின்றித் திறந்திருக்கும். மேசைகள் நடைபாதைவரை நீண்டு கிடக்கும். நள்ளிரவிலும் அடுப்பணையாத கடைகள் பல. மலாயரும் சீனரும் தமிழரும் அருகருகே அமர்ந்து உண்ணும் இடம் அது. அந்நாட்டார் அதனை ‘மாமாக் கடை’ என்பர். ஆங்கு உண்ணப்படுவனவற்றுள் தலையாயது ‘ரொட்டி சானாய்’. அது நம் பரோட்டாவின் உடன்பிறப்பே. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியரின் காலையுணவு வழக்கத்தை உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், தே தாரிக் என்பவற்றோடு ரொட்டி சானாயும் அவ்வழக்கத்திற்குரிய உணவாக எண்ணப்பட்டது.

இவ்வுணவின் பெயரிலுள்ள ‘சானாய்’ என்பது ‘சென்னை’ என்பதன் திரிபு என்று தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் பலர் கூறி வருகின்றனர். செவிக்கு இனிய கூற்றுத்தான். ஆயினும் சொல்லியலும் வரலாறும் அதற்கு இடந்தருவன அல்ல. அன்றியும், கடல் கடந்து சென்று அக்கடைகளில் மாவு பிசைந்த மக்களின் ஊர்களை அக்கூற்று மறைத்துவிடுகின்றது. ஒரு பெருநகரின் பெருமைக்காகப் பல சிற்றூர்களின் வரலாறு கைவிடப்படுதல் தகாது. அவ்வூர்களுள் தென்காசியும் கடையநல்லூரும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதற்கண் சொல்லை நோக்குவாம். மலாய் மொழியில் ‘சானாய்’ என்பது பரோட்டாவுக்கென்றே பிறந்த சொல்லன்று. கத்தி முதலியவற்றைத் தீட்டுதலையும், கல்லை மெருகிடுதலையும் அது குறிக்கும். தீட்டுகல்லை ‘பத்து சானாய்’ என்பர். ‘பத்து’ என்பது மலாயில் கல். மாவினை அழுத்தித் தேய்த்து மெல்லிதாக்குதலும் அச்சொல்லின் பொருள்களுள் ஒன்று. இங்ஙனம் வினைப்பொருள் தெளிவாக நிற்க, ஊர்ப்பெயரைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை யாது? ‘சென்னை’ மலாயிற் புகுந்திருப்பின் முதலெழுத்தின் எகரம் அகரமாவதற்குக் காரணம் காட்டல் வேண்டும். அதனைக் காட்டினார் இலர். மேலும், அந்நகரம் வெளிநாட்டார் வழக்கிலும் அரசு வழக்கிலும் ‘மெட்ராஸ்’ என்றே நெடுங்காலம் வழங்கிற்று. ‘சென்னை’ என்பது எல்லா மொழிக்கும் உரிய அரசுப் பெயரானது 1996-ஆம் ஆண்டிலேயே. இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில் இவ்வுணவு ‘ரொட்டி சானே’ எனப்படும். சிங்கப்பூரில் ‘ரொட்டி பிராட்டா’ எனப்படும். நகரப் பெயரே மூலமாயின், சிங்கப்பூர்த் தமிழர் மட்டும் அதனை விடுத்துப் பரோட்டா என்னும் பெயரைப் பற்றியது ஏன்?

இனி, ‘சானாய்’ என்பது தமிழ்ச் ‘சாணை’யோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்து நிற்றல் காண்க. தமிழில் சாணை என்பது ஆயுதம் தீட்டும் கல். ‘சாணை பிடித்தல்’ இன்றும் வழக்கில் உள்ளது. தமிழ் ணகரம் மலாயில் னகரமாதல் இயல்பு. மாணிக்கம் ‘மானிக்கம்’ ஆயிற்று. மொழிமுதற் சகரம் வல்லோசையோடு நிற்றற்குச் சுருட்டு என்பது ‘செருத்து’ ஆனமை சான்று. ஈற்று ஐகாரம் மலாயில் ‘ஆய்’ என ஒலித்தற்குக் ‘கெடாய்’ என்னும் சொல்லே போதும். அது நம் ‘கடை’. வடமொழியில் ‘சாண’ என்னும் சொல் இருத்தலின் மலாயர் அதனை நேரே கொண்டனர் எனக் கூறுவாரும் இருக்கலாம். ஆயின் அவ்வடமொழிச் சொல்லில் ஐகார ஈறு இல்லை, தமிழிலேதான் உண்டு. ஆதலின் சொல் தமிழ்வழியே சென்றது எனக் கொள்ளுதலே பொருத்தம்.

ஈண்டு ஒன்று மறத்தலாகாது. சாணை என்னும் சொல்லைப் பரோட்டாக்காரர் கொண்டு சென்றார் என்பது இதனாற் பெறப்படாது. தீட்டுகல்லின் பெயர் உணவுக்கடைகளின் வழியே பரவியது எனல் இயல்பன்று. கப்பல், பெட்டி, முதல் என்பன ‘காப்பால்’, ‘பெத்தி’, ‘மோடால்’ என மலாயில் நிலைபெற்றது போலப் பழைய வணிகத் தொடர்பால் அதுவும் சென்றிருத்தல் வேண்டும். பின்னர் வந்த தமிழ்த் தொழிலாளி எண்ணெய் பூசிய பலகைமேல் உள்ளங்கையால் மாவைத் தேய்த்து மெல்லிதாக்கியதைக் கண்ட மலாயர், தம் மொழியில் முன்னரே இருந்த சொல்லால் அதனைப் பெயரிட்டனர். தமிழ்ச்சொல் முன்னும் தமிழ்க்கை பின்னுமாகச் சென்று அயல்நாட்டில் ஒன்றையொன்று சந்தித்தன எனலாம்.

‘மாமாக்’ என்பதிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். தமிழ் முஸ்லிம் கடைக்காரரை ‘மாமா’ என விளித்ததனால் இப்பெயர் வந்தது என்பர். இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் சுமத்திராவின் மினாங்கபாவு மக்களிடத்தும் தாயுடன் பிறந்தானுக்கு ‘மாமாக்’ என்பதே பெயர். தாய்வழி உரிமை உடைய அச்சமுதாயத்தில் அது பெருமதிப்புடைய உறவு. உறவுப்பெயர்கள் தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்து வரும் இயல்பின. ஆகவே தமிழ் மாமனும் மினாங்கபாவு மாமாக்கும் மலாயில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன எனக் கொள்ளுதல் தவறாகாது. அன்பு விளியாகத் தோன்றிய இச்சொல்லில் காலப்போக்கில் இழிவுக் குறிப்பும் சில இடங்களில் ஏறியது. கடையைக் குறிக்கும்போது மட்டும் அக்குறிப்பு இல்லை.

இனி மக்களைப் பற்றி. மலாயாவுக்குத் தமிழர் சென்ற வழிகள் பல. தோட்டத் தொழிலாளர் கங்காணி முறையிற் சென்றனர். அரசு உதவியுடன் கூடிய அக்குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. தமிழ் முஸ்லிம்களோ பெரும்பாலும் தம் சொந்தப் பொறுப்பிற் சென்ற வணிகரும் துறைமுகத் தொழிலாளருமாவர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், இராமநாதபுரம் சீமை ஆகியவற்றிலிருந்து சென்றோர் பினாங்கில் முன்னரே வேரூன்றினர். ஆண்டுள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. பினாங்கின் ‘நாசி கண்டார்’ என்னும் உணவு அவர்தம் உழைப்பின் சின்னம். நாசி என்பது சோறு; கண்டார் என்பது தோளிற் சுமக்கும் காவடித் தண்டு. ஒருபுறம் சோற்றுப்பானையும் மறுபுறம் கறிப்பானையும் தொங்கத் துறைமுகத் தொழிலாளரை நாடிச் சென்று விற்ற நடைவணிகமே பின்னர்க் கடையாயிற்று.

தென்காசி, கடையநல்லூர் மக்களின் குடியேற்றம் இதனின் வேறுபட்டது. கடையநல்லூர் கைத்தறி நெசவு மிக்க ஊர். முஸ்லிம் குடும்பங்கள் பலவும் தறியை நம்பி வாழ்ந்தன. நெசவு நலிந்த காலங்களில் கடல் கடத்தல் ஒரு வழியாயிற்று. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு வந்த இருப்புப்பாதை 1904-இல் மலையைக் கடந்து கொல்லத்தோடு இணைந்தது. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-இல் கடையநல்லூர் வழியே திறக்கப்பட்டது. அதன்பின் நாகப்பட்டினத் துறையை அடைதல் அரிதன்று. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. கடையநல்லூரையும் தென்காசியையும் சேர்ந்தோர் மிகுதியாகத் தங்கிய இடம் சிங்கப்பூர். 1826 முதல் 1946 வரை பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே ஆட்சிப் பகுதியாக இருந்தமையின் இவற்றைச் சேர்த்து ஆராய்தலே முறை.

பிற ஊர் முஸ்லிம் ஆடவர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே சென்று மீள்வது வழக்கம்; கடையநல்லூராரும் தென்காசியாரும் குடும்பத்தோடு சென்றனர். வரலாற்றாசிரியர் பெரிதும் கருதாத இவ்வேறுபாடு உணவு வரலாற்றுக்கு இன்றியமையாதது. ஆடவர் தஞ்சோங் பாகார்த் துறைமுகப் பகுதியிற் கூலிவேலை செய்ய, பெண்டிர் அம்மியில் மசாலை அரைத்து விற்று வருவாய் ஈட்டினர். ‘மசாலை அரைத்தல்’ என்பது வீட்டுப் பணியாக இருந்தவரை ஏட்டில் ஏறாதது. அயல்நாட்டில் அது தொழிலாயிற்று. கடையில் தட்டுமேல் ஊற்றப்படும் குழம்பைப் பாராட்டுவோர் பரோட்டா வீசும் ஆடவனைக் காண்கின்றனர்; அம்மியின்முன் அமர்ந்த பெண்ணைக் காண்பதில்லை.

1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. சப்பானியர் ஆட்சியின் துன்பம் நீங்கிய மறு ஆண்டு, 1946-இல், அம்மக்கள் ஒரு தமிழ்ப்பள்ளி நிறுவினர். அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை இட்டனர். தறியும் அம்மியும் சுமைதூக்கும் தோளுமாக வாழ்ந்தோர் தம் பள்ளிக்குச் செல்வர் பெயரை இடாது புலவர் பெயரை இட்டமை தமிழ்த்துறையினர் கருதத்தக்கது. சிங்கப்பூரில் எஞ்சியிருந்த இறுதித் தமிழ்ப்பள்ளியாக நின்ற அது 1982-இல் மூடப்பட்டது.

இம்மக்களின் தாயகத்திலேயே பரோட்டாவுக்குப் பெயர்பெற்ற ஓரிடம் உண்டு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே, குற்றாலத்தை அடுத்த பிரானூரில் உள்ள ‘பார்டர்’ அது. செங்கோட்டை 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள்வரை திருவிதாங்கூர்–கொச்சி அரசின் பகுதியாக இருந்தது. அதனால் ஈண்டு ஓர் அரசின் எல்லை நின்றது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் செங்கோட்டை தமிழகத்தோடு சேர, எல்லை மேற்கே மலைக்குச் சென்றது. எல்லை பெயர்ந்தும் ‘பார்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. ஆங்குள்ள ரஹ்மத் கடையின் முன்னும் ஒட்டிக்கொண்டது. தென்காசி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அதன் பின்னரும் மக்கள் பார்டரைப் பார்டர் என்றே வழங்குகின்றனர். குற்றாலத்தைக் குறவஞ்சியாலும் ரசிகமணி டி. கே. சி.யின் விருந்தோம்பலாலும் அறிந்த நம்மனோர்க்கு இக்கடை ஆராய்ச்சிக்குரியதாகத் தோன்றாதிருக்கலாம். சாரற் காலமாகிய ஆனி, ஆடித் திங்களில் அருவியாடி ஈர உடையோடு வரும் மக்களுள் புலவரும் உளர் என்பதையும் கூறிவிடலாம்.

பார்டர்ப் பரோட்டாவும் மலேசிய ரொட்டி சானாயும் செய்ம்முறையிற் பெரிதும் ஒத்தன. மைதா மாவைப் பிசைந்து, உருண்டைகளாக்கி, எண்ணெயில் ஊறவைத்து, வீசி மெல்லிதாக்கி, மடித்துச் சுடுதல் இரண்டிற்கும் பொது. சுருட்டி வட்டமாகத் தட்டுதல் நம் ஊர் வழக்கம்; சதுரமாக மடித்தலும் அந்நாட்டில் உண்டு. உடன் ஊற்றப்படுவதிலேதான் நாடு தெரிகின்றது. மலேசியாவில் பருப்புக் குழம்பும் மீன்கறியும். பார்டரில் சால்னாவும், நாட்டுக்கோழியும், காடையும், ‘பிச்சுப்போட்ட கோழி’யும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனல் பொருந்தாது. கோதுமை தாமிரவருணிக் கரையிலும் விளைவதன்று, மலாயாவிலும் விளைவதன்று. இரண்டு இடங்களுக்கும் மாவு ஆலையிலிருந்தும் வணிகத்தாலும் வந்ததே. பரோட்டா என்னும் பெயரும் வடநாட்டுப் ‘பராட்டா’வின் வழியது, சால்னாவோ ‘சாலன்’ என்னும் உருதுச் சொல்லின் வழியது. ஆதலின் ‘தமிழர் உலகுக்கு அளித்த உணவு’ என இதனைப் பாராட்டுதலும் மிகையே. தமிழர்க்கு உரியது கைத்திறனும், அதனைக் கடல் கடந்து கொண்டுசென்ற உழைப்பும்.

தே தாரிக்கும் அத்தகையதே. ‘தே’ சீனரின் ஹொக்கியென் சொல்; ‘தாரிக்’ மலாயில் இழுத்தல். செயலோ நம் ஊர்த் தேநீர்க்கடையில் குவளைக்குக் குவளை உயர்த்தி ஊற்றி ஆற்றுதல். மலாயர் அதில் நீளத்தைக் கண்டு ‘இழுத்தல்’ என்றனர். தமிழர் வெப்பம் தணிதலைக் கண்டு ‘ஆற்றுதல்’ என்றனர்.

கடைமொழியில் வழங்கும் பிற சொற்களும் தொகுக்கத்தக்கன. யாதும் சேர்க்காத வெறும் பரோட்டா ‘கோசோங்’. அச்சொல் மலாயில் வெறுமையையும் சுழியத்தையும் குறிக்கும். பொட்டலம் கட்டுதல் ‘புங்குஸ்’. முட்டையும் கறியும் பொதிந்த ‘முர்தபாக்’ மடித்தது என்னும் பொருளுடைய அரபுச் சொல். இச்சொற்களைத் தமிழ்நாட்டிலிருந்து அண்மையிற் சென்ற தொழிலாளரும் தமிழ் வாக்கியத்துள் வைத்தே பேசுகின்றனர். பார்டர்க் கடையில் பரோட்டாவை இலையிற் பிய்த்துப் போட்டு, அது முழுதும் ஊறும்வரை சால்னாவை ஊற்றச் சொல்லுவர். மலேசியாவில் அங்ஙனம் குழம்பு மிகுதியாக ஊற்றுமாறு கேட்பதற்கு ஒரே சொல் உண்டு: ‘பஞ்சிர்’. அதற்கு மலாயில் வெள்ளம் என்பது பொருள்.