எத்தனை நாளா இருமல்?

தாத்தா இருமுவதை வைத்தே எங்கள் வீட்டில் மணி சொல்லிவிடலாம். விடிகாலை நாலரைக்கு ஒரு தொடர் இருமல் வரும். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பெரட்டுக்குக் கிளம்பிய நேரம் அது. தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பட்டணத்துக்குக் குடிவந்து பத்து வருஷம் ஆகியும் நெஞ்சு அந்த நேரத்தை மறக்கவில்லை என்று பாட்டி சொல்வார். 1996இல் அந்த இருமல் நேரம் தவற ஆரம்பித்தது. மத்தியானம் இருமினார். ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமினார். சட்டை தொளதொளவென்று ஆனது.

வீட்டில் மருந்துக்குப் பஞ்சமில்லை. நெஞ்சில் தடவக் கோடாலித் தைலம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஆடாதோடைக் கஷாயம். சீனக் கடையின் கறுப்புப் பாகு. கிளினிக்கில் கொடுத்த சிவப்பு மருந்து. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோமியோபதிக்காரர் கொடுத்த வெள்ளை உருண்டைகள். ஐந்தும் ஒரே அலமாரியில் சண்டை போடாமல் நின்றன. இப்படி நாலு மாசம் போனது.

இங்கிலீஷ் மருந்தா, நம்ம மருந்தா என்று இன்றைக்கும் நண்பர்கள் மேசையைத் தட்டிப் பேசும்போது எனக்கு அந்த அலமாரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் பாட்டில்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, நாம் போட்டு வைத்திருக்கும் கோடு அங்கே இல்லவே இல்லை என்பது தெரிந்தது.

முதலில் தோட்டத்து டிரசரிடமிருந்து தொடங்க வேண்டும். தாத்தாவுக்கு மருந்து என்றால் அவர் கொடுத்த தண்ணி மருந்துதான். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர். பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருப்பார். பாட்டிலை நாம்தான் கழுவிக் கொண்டுபோக வேண்டும். பெரிய ஜாடியிலிருந்து ஊற்றி, பாட்டிலின் பக்கவாட்டில் பல்பல்லாய் வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. இருமலுக்கு ஒரு ஜாடி, வயிற்றுக்கு ஒரு ஜாடி. அதிகம் கேள்வி கேட்கமாட்டார். பெரட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க அவருக்கும் நேரமில்லை. மருந்தைவிட, இன்றைக்கு வேலைக்குப் போகலாமா கூடாதா என்று அவர் எழுதும் சீட்டுதான் முக்கியம்.

கேள்வி கேட்கத் தெரியாத ஆட்சி இல்லை அது. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டது. 1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியா முடக்கிப் போட்டபோது, சதுப்பு நிலத்தை வடிய வைத்து அதைக் காப்பாற்றியவர் அவர். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார். உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளானுக்கு ஓர் இடம் உண்டென்றால் அது இதற்காகத்தான். காய்ச்சல் ஆளை உடனே படுக்கப் போட்டது. பால் வெட்டு நின்றது. அதனால் காய்ச்சலை எண்ணினார்கள். இருமுகிறவன் இருமிக்கொண்டே மரம் வெட்டுவான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்கிறவன் இருமினால், புகை என்று சொல்லிவிடலாம். இருமலுக்கு அந்த அவசரம் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் காலத்து இருமல் தண்ணி மருந்துகளில் பரவலாக இருந்த சரக்கு இபிகாக்குவானா. தென்னமெரிக்கக் காட்டு வேர். அதிகம் கொடுத்தால் வாந்தி, கொஞ்சமாகக் கொடுத்தால் சளி இளகும் என்று நம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் டோவர் என்ற ஆங்கில மருத்துவர் இதையும் அபினையும் கலந்து ஒரு தூள் செய்தார். அது இருநூறு வருஷத்துக்கு மேல் விற்றது. அபின் இருமலை அடக்கும் என்பது உண்மைதான். 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினையே இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அபினிலிருந்து வரும் கோடீன் இன்றும் இருமல் மருந்தில் இருக்கிறது. கெத்தும் இலைத் தண்ணீரில் அதைக் கலந்து குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள் கிள்ளான் அடுக்குமாடிகளில் யாருக்கும் புதிதல்ல. விஞ்ஞானம் என்று நாம் மரியாதையாகச் சொல்லும் பாட்டிலின் பூர்வீகம் இது.

அதே இபிகாக்குவானா பிரிக்பீல்ட்ஸ் ஹோமியோபதிக்காரரின் பெட்டியிலும் இருந்தது. இபிகாக் என்று சின்னப் பெயர். குமட்டலோடு வரும் இருமலுக்கு அது. டிரசர் ஜாடியிலிருந்து ஊற்றிய அதே வேர்தான், ஆனால் கரைத்துக் கரைத்துக் காணாமல் போன வேர்.

ஹோமியோபதி இந்தியாவுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தது. தெற்கே 1880இல் மங்களூரில் முல்லர் என்ற ஜெர்மன் பாதிரியார் தொடங்கிய மருந்தகத்தால் அது ஏழைகளிடம் போய்ச் சேர்ந்தது. மலாயாவுக்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியப் படைவீரர்களோடு வந்தது என்று பொதுவாக எழுதுகிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம், மலாய், சீன, இந்திய மருத்துவங்களின் வரிசையில் இதையும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட முறையாக வைத்திருக்கிறது.

ஏன் பிடித்துப்போனது? அந்த அறையில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். தாத்தாவின் வாழ்க்கையில் அவருடைய இருமலைப் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. வறட்டு இருமலா, சளி இருமலா? படுத்தால் கூடுதா? குளிர் காத்து பட்டால் வருதா? இருமும்போது நெஞ்சைக் கையால் பிடிச்சுக்கிறீங்களா? அப்படிப் பிடித்துக்கொள்ளும் வறட்டு இருமலுக்கு பிரையோனியா. ராத்திரி படுத்ததும் குத்திக் குத்தி வரும் கக்குவானுக்கு டிரோசெரா, பூச்சி தின்னும் செடி. மரம் அறுப்பதுபோல் கேட்கும் இருமலுக்கு ஸ்பாஞ்சியா, கடல் பஞ்சை வறுத்துச் செய்தது. நெஞ்சில் கறகறவென்று இருந்தும் சளி வெளியே வராவிட்டால் ஆண்டிமோனியம் டார்ட். தாத்தா ஒவ்வொன்றுக்கும் யோசித்து, மரியாதையாகப் பதில் சொன்னார். வெளியே வந்ததும் பாட்டியிடம், "மனுசன் கேட்டான் பாரு கேள்வி" என்றார்.

தமிழிலேயே இருமலுக்கு வகை உண்டு: வறட்டு இருமல், கக்குவான், ஈளை, இளைப்பு. காசம் என்ற வடசொல்லுக்கு முதலில் வெறும் இருமல் என்றுதான் அர்த்தம். எல்லா இருமலுக்கும் பொதுவாக இருந்த சொல் சுருங்கிச் சுருங்கி, கொல்லும் ஓர் இருமலுக்குப் பெயராகிவிட்டது.

அந்த உருண்டைகளில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டிலில் 30 என்று போட்டிருந்தது. ஒன்றை நூறாகக் கரைப்பதை முப்பது தடவை செய்தது என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டு, பதின்மூன்று தடவையிலேயே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரமுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்றது. இருமல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கும். அதற்குள் என்ன சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். தாத்தாவின் இருமல் அடங்குகிற ஜாதி இல்லை.

பாட்டியின் ஆடாதோடைக் கதை வேறு மாதிரி. ஆடு தொடாத இலை. 1888இல் நீலகிரியில் சின்கோனா வேலைக்காக இருந்த டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர், இதிலிருந்து வாசிசின் என்ற சத்தைப் பிரித்தார். அதை அடியாக வைத்து ஜெர்மன்காரர்கள் உருவாக்கிய புரோம்ஹெக்சின் 1960களில் மருந்தானது. பிரிக்பீல்ட்ஸ் ஃபார்மசியில் பிசோல்வான் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். ஒரே அலமாரியில் தாயும் பிள்ளையும் அடுத்தடுத்து நின்றிருக்கிறார்கள், எங்களுக்குத்தான் தெரியவில்லை. இதை வைத்து, 'பார்த்தாயா, எல்லாம் நம்மகிட்ட முன்னாடியே இருந்தது' என்று வாட்ஸ்அப்பில் முழங்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சளியை இளக்குவது ஒரு வேலை. சளியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு வேலை.

அதற்காக ஃபார்மசி சிரப்பெல்லாம் சொக்கத்தங்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் அதே கதை. அந்த இருமல் மருந்து செய்யப்பட்டது காஞ்சிபுரம் மாவட்டத்தில். இனிப்புக்கும் கெட்டித்தன்மைக்கும் சேர்க்கும் கரைப்பானில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. சின்னப் பிள்ளைகளின் சாதாரண இருமலுக்கு இந்தச் சிரப்புகள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு கரண்டி தேன் மோசமில்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

சளியில் என்ன இருக்கிறது என்று 1882இல் ராபர்ட் காக் காட்டினார். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தார்கள். மலாயாவில் காசநோய்க்காகவே 1950களில் செராஸில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை வந்தது. அந்தக் காலத்தில் இந்த நோய் என்றால் படுக்கை, நல்ல காற்று, முட்டை, பால் என்று மாதக்கணக்கில் ஆளை ஒதுக்கி வைப்பதுதான் வழி. கூலிக்காரனுக்கு அது கட்டுப்படியாகுமா? அந்த எண்ணத்தை உடைத்தது சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே. இரண்டு பக்கமும் மருந்து ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வு குறைவு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டு ஆட்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளிவந்த அந்த முடிவுக்குப் பிறகு உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்தது. மலேசியா 1961இல் தேசியக் காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியது. ஜாலான் பஹாங்கில் மையம், பிறக்கும் குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி.

தாத்தாவை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது என் அம்மா. மலாய்க்கார நர்ஸ் தலை நிமிராமல் கேட்டார்: "பாத்துக் பெராப்பா லாமா?" எத்தனை நாளா இருமல்? நாலு மாசம் என்றதும் நிமிர்ந்தார். அதோடு கேள்வி முடிந்துவிட்டது. மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, விடியற்காலைச் சளியைக் கொண்டுவரச் சொன்னார். பிரிக்பீல்ட்ஸ்காரரும் இதே கேள்வியைக் கேட்டவர்தான், நோட்டில் எழுதியும் வைத்தார். அவருடைய முறையில் நாலு மாசம் என்பது மருந்தைத் தேர்வதற்கான இன்னொரு குறிப்பு. கிளினிக்கில் இரண்டு வாரம் தாண்டினாலே அது மணி அடிக்கும் எண்.

டிபிதான். ஆறு மாதம், தினமும் நர்ஸ் பார்க்க மாத்திரை விழுங்க வேண்டும். முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. தாத்தாவுக்கு அது பிடிக்கவேயில்லை, "கேள்வியே கேக்கலையே" என்றார். எங்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்துக் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். சின்னத்தைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வெளியே யார் கேட்டாலும் ஆஸ்துமா என்றே சொல்லச் சொன்னார்கள். எனக்கு ஒன்பது வயது, நானும் அப்படியே சொன்னேன். அந்த நாலு மாசமும் ராத்திரியில் தாத்தா பக்கத்தில் படுத்தவன் என் தம்பி. பிறகு அவனும் மாதக்கணக்கில் தடுப்பு மாத்திரை சாப்பிட்டான்.

தாத்தா பிழைத்துவிட்டார். நுரையீரலில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. 2005 ஆகஸ்ட்டில் சுமத்திராவின் புகை வந்து போர்ட் கிள்ளானில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தபோது, தெருவே இருமியது. தாத்தா வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாப்பா இருமுற?"