காது மெத்தையும் கொஞ்சம் ரவையும்

செமஸ்டர், பனி, பார்ட் டைம் வேலை மூணும் சேர்ந்து அமுக்கினதுல இந்தப் பக்கம் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கு கொஞ்சம் பெரிய பதிவு. ஹெட்ஃபோன்ல காதைத் தொடுற இடத்துல வட்டமா ஒரு மெத்தை இருக்குமே, இயர்பேட், அதோட வரலாறு. "இதுக்கெல்லாமாடா வரலாறு?"ன்னு கேக்குறவங்க ஒரு காபியோட உக்காந்து படிங்க. நடுவுல எங்க தாத்தாவும் வர்றார்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி.

தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, கும்பகோணத்துல மிருதங்கம் வாசிச்சவர். பெரிய வித்வான் எல்லாம் இல்லை. பஜனை மடம், கோயில் உற்சவம், தெருவுல நடக்குற கல்யாணம், அவ்வளவுதான். நான் ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போதே போயிட்டார். அவர் வாசிச்சது ஒரே ஒரு கேசட்ல மிச்சம் இருக்கு. மாமா அதைக் கணினியில ஏத்தி எனக்கு அனுப்பி வெச்சார்.

இங்க மாண்ட்ரியல் டவுன்டவுன்ல, கீ-கான்கார்டியா மெட்ரோ பக்கத்துல எங்க அபார்ட்மென்ட். சுவர் எல்லாம் அட்டை மாதிரி. ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போட்டா பக்கத்து வீட்டம்மா சுவத்தைத் தட்டுவாங்க. அதனால ஹெட்ஃபோன்தான் கதி. நல்ல வகை ஹெட்ஃபோன் ஒண்ணு, காதை முழுசா மூடுறது, பழசா பாதி விலைக்குக் கிடைச்சுது. மெட்ரோ வாசல்ல பனியில நின்னு வாங்கினேன். மெத்தை மட்டும் தோல் உரிஞ்சு அப்பளம் மாதிரி தட்டையா இருந்தது. அழகுக்குத்தானேன்னு விட்டுட்டேன்.

அதுல தாத்தாவைப் போட்டுக் கேட்டா, வலது கை மட்டும்தான் கேக்குது. சொற்கள் எல்லாம் பளிச்சுனு வருது. இடது பக்கம், அதான் தொப்பி, அங்கேர்ந்து வரவேண்டிய கும்கியைக் காணவே காணோம். வாயை வெச்சுகிட்டு சும்மா இருக்காம ஊருக்கு ஃபோன் போட்டேன்.

"ஏம்மா, தாத்தாவுக்குத் தொப்பி அவ்வளவா வராதோ?"

ரெண்டு செகண்ட் சத்தமே இல்லை. "யாருடா சொன்னா? அப்பாவோட கும்கியைக் கேக்கறதுக்குன்னே திண்ணையில வந்து உக்காருவாங்க. நீ என்னத்தைக் கேட்டியோ போ"ன்னு வெச்சுட்டாங்க. சமாதானம் பண்ண ரெண்டு நாள் ஆச்சு.

கேசட் பழசு, டேப் தேஞ்சு போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒரு நாள் என் ரூம்மேட், மதுரைக்காரன், ஹெட்ஃபோனை வாங்கிப் பாத்துட்டுச் சொன்னான்: "மாப்ள, குக்கர்ல கேஸ்கெட் போயிருச்சுன்னா விசில் வருமாடா?"

அந்த ஒரு கேள்வியில ஆரம்பிச்சதுதான் இந்த வரலாற்று ஆராய்ச்சி எல்லாம்.

விஷயம் இதுதான். காதை மூடுற ஹெட்ஃபோன்ல, உள்ளே அதிர்ற குட்டி ஸ்பீக்கருக்கும் (டிரைவர்னு சொல்வாங்க) நம்ம செவிப்பறைக்கும் நடுவுல ஒரு சின்ன அறை இருக்கு. டிரைவர் முன்னாடி வந்தா அறைக்குள்ள அழுத்தம் கூடும், பின்னாடி போனா குறையும். தாழ்ந்த சத்தத்துல இந்தப் போக்குவரத்து மெதுவா நடக்கும். அறையில ஓட்டை இருந்தா, அழுத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள காத்து அந்த ஓட்டை வழியா நழுவிடும். பாஸ் காலி. உயர்ந்த சத்தம் வேகமா அதிர்றதால நழுவ நேரம் கிடையாது, அது தப்பிச்சுக்கும். மூக்குக்கண்ணாடியோட காதுக்கம்பி மெத்தையைக் கொஞ்சம் தூக்கினாலே பாஸ் குறையும். உரிஞ்சு போன மெத்தைன்னா கேக்கவே வேண்டாம்.

சரி, இவ்வளவு முக்கியமான மெத்தையை முதல்லேர்ந்தே வெச்சிருப்பாங்கன்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். கிடையாது.

எங்க வீட்டுலேர்ந்து தெற்கே இறங்கி நடந்தா வில்லியம் தெரு வரும். மார்க்கோனி கம்பெனி அங்கேதான் எக்ஸ்டபிள்யூஏ என்ற வானொலி நிலையத்தை நடத்தியது. 1920 மே 20 அன்று ராத்திரி, அங்கேர்ந்து ஒரு பாட்டுக் கச்சேரியை 160 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஒட்டாவாவுக்கு அனுப்பினாங்க. உலகத்துல முறையா நடந்த முதல் வானொலி ஒலிபரப்பு இதுதான்னு கனடாக்காரங்க சொல்வாங்க, இல்லைன்னு அமெரிக்காக்காரங்க சொல்வாங்க, அந்தச் சண்டை நமக்கு வேண்டாம் :-) அந்த நிலையம் பின்னாடி சிஎஃப்சிஎஃப் ஆகி, இன்னும் பேர் மாறி, 2010 ஜனவரியில் மூடப்பட்டது. ஒரு ஞாயித்துக்கிழமை அந்தத் தெரு வரைக்கும் நடந்து போய்ப் பாத்தேன். புது அடுக்குமாடிகளும் குளிர்காத்தும்தான்.

அந்தக் காலத்துல வீட்டுல ரேடியோ கேட்டவங்க பெரும்பாலும் ஹெட்ஃபோன்லதான் கேட்டாங்க. மெத்தை கிடையாது. எபோனைட், பேக்லைட் மாதிரி கெட்டியான மூடி நேரா காதுல உக்காரும். காரணம் சிம்பிள். ஹெட்ஃபோன் வளர்ந்தது பாட்டுக்காக இல்லை, தந்திக்காக. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டு அடுப்படியில் ஹெட்ஃபோன் செஞ்சு அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படைக்கு வேண்டியது மோர்ஸ் சங்கேதம். 'டிட் டா டிட்'டுக்கு ஒரே சுருதி, அது எவ்வளவு மெலிசா இருந்தாலும் கேக்கணும், அவ்வளவுதான். பாஸ் யாருக்கு வேணும்?

நம்ம ஊருக்கும் இதே கதைதான். சென்னை மாகாண வானொலி மன்றம் 1924-ல் ஒலிபரப்பு ஆரம்பிச்சது, 1927-ல் காசில்லாம மூடிட்டாங்க. அந்தக் காலத்து கிரிஸ்டல் ரேடியோவில் ஒலிபெருக்கியை ஓட்டுற சக்தி கிடையாது, காதுல மாட்டினாத்தான் சத்தம். மெத்தையில்லாத ஹெட்ஃபோன்ல மிருதங்கம் கேட்டவங்களுக்குத் தொப்பி எந்த அளவுக்குக் கேட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அப்புறம் 1930-ல் சென்னை மாநகராட்சி நிலையத்தை எடுத்து நடத்தி, கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வெச்சப்போதான் கூட்டமா உக்காந்து கேக்க முடிஞ்சுது.

மெத்தை வந்தது சத்தத்தை உள்ளே வைக்க இல்லை, வெளியே தள்ள. ரெண்டாம் உலகப்போர் விமானங்களில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே உத்தரவு கேக்கணும். ரப்பர், தோல்னு வளையம் வெச்சாங்க. அதே வளையம் பாஸையும் பிடிச்சு வெக்கும் என்பது கூடவே வந்த லாபம்.

இதை முதல்ல சீரியஸா எடுத்துகிட்டவங்க பாட்டு ரசிகர்கள் இல்லை, காது டாக்டர்கள். காது பரிசோதனைக்கு உலகம் பூரா பயன்பட்ட ஹெட்ஃபோன் டிடிஎச்-39. அதோட எம்எக்ஸ்-41/ஏஆர் என்று ஒரு ரப்பர் மெத்தை. தரநிலைகளில் ரெண்டு பேரையும் சேர்த்தேதான் எழுதுவாங்க. மெத்தையை மாத்தினா அளவுத்திருத்தம் செல்லாது, திரும்பப் பண்ணணும். ஒருத்தருக்குக் காது கேக்குதா இல்லையான்னு தப்பா எழுதிடக் கூடாதே! மெத்தை துணைப்பொருள் இல்லை, கருவியோட பாதி என்பதை அவங்க எப்பவோ ஒத்துகிட்டாங்க.

பாட்டுக்கு வருவோம். 1937-ல் பெர்லினில் ஆய்கன் பேயரின் கம்பெனி டிடி-48 என்ற டைனமிக் வகை ஹெட்ஃபோனைக் கொண்டுவந்தது. 1958-ல் மில்வாக்கியில் ஜான் காஸ், வீட்டுல ஸ்டீரியோ இசைத்தட்டு கேக்குறதுக்குன்னே எஸ்பி-3 கொண்டுவந்தார். 1970-ல் வந்த அவங்களோட புரோ-4ஏஏ-வில் திரவம் நிரப்பின மெத்தை. முகத்தோட மேடு பள்ளத்துல தண்ணிப்பை மாதிரி ஒட்டிக்கும், காத்து நழுவாது. இது "ஓட்டையை அடை" கட்சி.

எதிர்க்கட்சி ஜெர்மனியிலேர்ந்து வந்தது. 1968-ல் சென்ஹைசரின் எச்டி-414. பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன், முன்னாடி ஓட்டை ஓட்டையா இருக்குற பஞ்சு. ஓட்டையை அடைக்கவே வேண்டாம், அதை வெச்சே வடிவமைச்சுக்கலாம்னாங்க. உலகத்துல அதிகம் வித்த ஹெட்ஃபோன்கள்ல அதுவும் ஒண்ணு. அந்த மஞ்சப் பஞ்சைக் கழட்டித் துவைச்சுப் போட்டுக்கலாம். 1979-ல் வாக்மேனோட வந்த குட்டி ஹெட்ஃபோனும் பஞ்சுக் கட்சிதான்.

அப்புறம் ரசிகர்கள் தாங்களே பஞ்சை மாத்த ஆரம்பிச்சாங்க. நியூயார்க் புரூக்ளினில் கிராடோன்னு ஒரு குடும்பக் கம்பெனி இருக்கு. அவங்க ஹெட்ஃபோனுக்குத் தட்டை, கிண்ணம்னு வேற வேற வடிவத்துல பஞ்சு உண்டு. தட்டை போட்டா டிரைவர் காதுக்குக் கிட்ட வரும், பாஸும் குரலும் கனமாகும். கிண்ணம் போட்டா தள்ளிப் போகும், மேல்சுருதி பளிச்சுனு, இடம் விரிஞ்ச மாதிரி கேக்கும். இது போதாதுன்னு சென்ஹைசரோட அந்த மஞ்சப் பஞ்சைக் கிராடோவில் மாட்டுவாங்க. அது டிரைவரை மூடி மேல்சுருதியை அமுக்கிடுதா? உடனே நடுவுல 25 சென்ட் காசை வெச்சு வட்டம் போட்டு வெட்டி எடுப்பாங்க!

ரூம்மேட்கிட்ட ஒரு கிராடோ இருக்கு. நாங்களும் வெட்டினோம். எங்ககிட்ட இருந்தது கரிபூ மான் போட்ட கனடா காசு. அமெரிக்கக் காசுக்கும் இதுக்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. வெட்டினதும் சலங்கை, ஜால்ரா எல்லாம் திரும்பி வந்துச்சு.

சில மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு அலப்பறை? கணக்கு போட்டுப் பாருங்க. 80 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 4.3 மீட்டர். 8000 ஹெர்ட்ஸ்னா 4.3 சென்டிமீட்டர்தான், காதைச் சுத்தியிருக்குற அந்தக் குட்டி அறை அளவு. அதனால மெத்தை கொஞ்சம் அமுங்கினாலே மேல்சுருதியில மேடும் பள்ளமும் இடம் மாறிடும். துணியா, தோலா, துளை போட்ட தோலாங்கிறதைப் பொறுத்து சுவரே கொஞ்சம் சத்தத்தைக் குடிச்சுடும். ஆயிரக்கணக்குல டாலர் போட்டு வாங்குற ஹெட்ஃபோனும் இதுக்கு விலக்கில்லை. மெத்தை ரெண்டு மூணு வருஷத்துல அமுங்கும். கடையில கேட்ட ஹெட்ஃபோனும் வீட்டுல மூணு வருஷம் கழிச்சுக் கேக்குற ஹெட்ஃபோனும் ஒண்ணு இல்லை. சில கம்பெனிங்க இப்போ ஒரே ஹெட்ஃபோனுக்கு நாலஞ்சு வகை மெத்தையை அவங்களே விக்கிறாங்க.

சரி, தாத்தா என்ன ஆனார்?

என் ஹெட்ஃபோனுக்கு ரெண்டு ஜோடி மெத்தை வாங்கினேன். ஒண்ணு மெலிசான வெல்வெட் துணி, இன்னொண்ணு தடிச்ச செயற்கைத் தோல். தோலை மாட்டிப் போட்டேன். முதல் ஆவர்த்தனத்துலயே கும்கி. அடிவயித்துலேர்ந்து வழுக்கிகிட்டு மேல வர்ற அந்தச் சத்தம். கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். டேப் தேயலை. தாத்தாவும் சரியாத்தான் வாசிச்சிருக்கார். ஓட்டை என் காதுகிட்ட இருந்திருக்கு.

வெல்வெட்டை மாட்டினா கும்கி இருக்கு, ஆனா அடக்கமா. எது தாத்தாவோட நிஜமான சத்தம்? திரும்ப அம்மாவுக்கு ஃபோன். ரெண்டு நாள் கோவம் எல்லாம் போயிருந்தது.

"அம்மா, தாத்தா தொப்பி ரொம்ப கனமா கேக்குமா, கொஞ்சம் அடக்கமா கேக்குமா?"

"அது என்னிக்கும் ஒரே மாதிரி இருக்காதுடா. வாசிக்கறதுக்கு முன்னாடி ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு தொப்பியில அப்புவார். தட்டிப் பாப்பார். போதலைன்னா இன்னும் கொஞ்சம். ஜாஸ்தியாப் போனா வழிச்சு எடுத்துடுவார். பாடறவா சுருதிக்குத் தகுந்த மாதிரி. முடிஞ்சதும் சுரண்டிப் போட்டுடுவார். அந்த ரவையைப் பிசையறது என் வேலை."

எனக்கு இது தெரியவே தெரியாது. ரவை ஏத்தினா தோல் கனமாகி சத்தம் கீழே இறங்கும். வலது பக்கத்துல நிரந்தரமா இருக்குற கறுப்பு கரணையும் தோலுக்குக் கனம் ஏத்துற வேலைதான் செய்யுது. சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, இப்படிக் கனம் ஏத்தின தோல்தான் நம்ம மிருதங்கத்தையும் தபலாவையும் சுருதியோட பேச வைக்குதுன்னு 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். அதுவும் 1920-ல்தான், வில்லியம் தெருக் கச்சேரி நடந்த அதே வருஷம்.

ஆக, மாறாத 'ஒரிஜினல்' சத்தம் ஒண்ணு எங்கேயோ இருக்கு, சரியான மெத்தை கிடைச்சா அதைப் பிடிச்சுடலாம்னு நான் தேடினதே தப்பு. தாத்தாவே ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி ரவையை வெச்சு முடிவு பண்ணின சத்தம் அது. மறுநாள் இருக்காது. ஆனா ஓட்டை மெத்தையும் அடக்கமான மெத்தையும் ஒண்ணு ஆகாது. ஒண்ணு அவர் வாசிச்சதையே மறைச்சுது. இன்னொண்ணு ரவை கொஞ்சம் கம்மியா போட்ட நாள் மாதிரி.

இப்போதைக்குத் தோல் மெத்தைதான் மாட்டியிருக்கேன். அடுத்த லீவுல ஊருக்குப் போகும்போது ஹெட்ஃபோனையும் ரெண்டு ஜோடி மெத்தையையும் எடுத்துட்டுப் போறேன். அம்மா காதுல மாட்டிவிட்டு எதுன்னு அவங்களே சொல்லட்டும். ரவை பிசைஞ்ச கை அது.

டிஸ்கி: பழைய ஹெட்ஃபோன் வெச்சிருக்குற மக்கள், புதுசு வாங்கறதுக்கு முன்னாடி மெத்தையை ஒரு தரம் அமுக்கிப் பாருங்க. எழும்பி வரலைன்னா முதல்ல அதை மாத்துங்க. வீட்டுல யாராவது வாசிச்ச, பாடின பழைய கேசட் இருந்தா, அதைப் பத்தி பின்னூட்டத்துல சொல்லுங்க. கேசட்டைத் திட்டாதீங்க :-)