பூண் போட்ட பிடி

மழை நான்கு நாள் விடாமல் பிடித்தால் என் கத்தி திறக்காது. மரப்பிடி ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். அலகு படுத்திருக்கும் பிளவு இறுகிக்கொள்ளும். நகம் வைத்து இழுத்தால் நகம்தான் பெயரும். அப்போது பிடியின் வால்நுனியை நாற்றங்கால் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். அலகின் முனை பிளவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பிறகு இரண்டு விரலால் பற்றி விரித்துவிடலாம்.

இந்தத் தட்டுக்கு ஒரு பெயர் இருப்பது என் மகள் சொல்லித்தான் தெரியும். 'சவோய்க்காரன் தட்டு' என்கிறார்களாம். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், இத்தாலியை ஒட்டிய ஆல்ப்ஸ் மலைச் சீமை சவோய். என் கத்தி பிறந்த ஊர் அங்கேதான் இருக்கிறது. பெயர் ஒப்பினெல், எட்டாம் எண். கிரனோபிளில் வேலைக்குச் சேர்ந்த மகள் முதல் விடுமுறைக்கு வந்தபோது, "உன் கைக்குச் சரியா இருக்கும்மா" என்று சொல்லிக் கொடுத்தாள்.

சந்தூர்ப் பக்கம் மா ஒட்டுச்செடிப் பண்ணை வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு இதுதான் தொழில். முப்பது வருடமாகக் கத்தி பிடித்த கை இது. வலது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, ஒரு காய்ப்பு உண்டு. எந்தக் கத்தியைக் கொடுத்தாலும் அந்தக் காய்ப்பு முதலில் தீர்ப்புச் சொல்லிவிடும். பிடியின் முடிவில் கூரான மூலை இருந்தால் மதியத்துக்குள் அந்த இடம் சிவந்து எரியும். மகள் கொடுத்த கத்தியைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஐம்பது கிராம்கூட இருக்காது. உள்ளே ஸ்பிரிங் கிடையாது. ஒரு மரத்துண்டு, ஒரு தகடு, அதைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை சாக்குக் கயிறு அறுத்தேன், பாலித்தீன் நாடா கிழித்தேன், சொட்டுநீர்க் குழாய் வெட்டினேன். காய்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. அது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வருடம் பிடித்தது, ஒரு பயணமும் தேவைப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒட்டு வெட்டுக்கு நான் இதை எடுப்பதில்லை. அதற்கு ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த கத்தி வேண்டும். அப்போதுதான் குச்சியில் வெட்டு தட்டையாக விழும், வேர்ச்செடியின் பிளவோடு இடைவெளியில்லாமல் சேரும். ஒப்பினெல் அலகு இரண்டு பக்கமும் சரிந்து கூராவது. ஒட்டு வேலை போக, நாள் முழுக்கக் கைக்கு வரும் மற்ற ஐம்பது வேலைகளுக்கு அது என் மடியிலேயே இருக்கிறது.

இந்தக் கத்தியைச் செய்த ஜோசப் ஒப்பினெல் 1872இல் பிறந்தவர். சவோய் பிரான்ஸோடு சேர்ந்தது 1860இல்தான்; அதற்கு முன் அது சார்டினிய அரசருக்குக் கீழே இருந்தது. குடும்பம் மோரியேன் பள்ளத்தாக்கின் மேலே, ஜெவூடாஸ் என்ற குக்கிராமத்தில் உலை வைத்திருந்தது. தாத்தா மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றவர், பிறகு ஆணி அடிக்கும் கொல்லரானார். அப்பா டேனியல் கோடரி, அரிவாள், கத்தரிக்கும் கருவி எல்லாம் செய்து பக்கத்துக் கிராமங்களில் பேர் வாங்கியவர். மகனுக்கு உலையோடு இயந்திரங்களின் மேலும் ஆசை இருந்தது. புகைப்படக் கருவி ஒன்றைத் தானே செய்து, ஊர்க் கல்யாணங்களுக்குப் படம் பிடித்திருக்கிறார். அந்த ஆசையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் கத்தியின் வடிவம் பாதி உலையிலும் பாதி அந்த ஆசையிலும் உருவானது.

1890. ஜோசப்புக்குப் பதினெட்டு வயது. கோடரி செய்யும் பட்டறையில் சட்டைப்பைக்கு அடங்கும் கத்தி ஒன்றைச் செய்து பார்க்கிறார்.

மடக்குக்கத்தி அவர் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கிடைத்த எலும்புப்பிடி மடக்குக்கத்திக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வருட வயது. ரோமானியர்களிடமும் இருந்தது. பிரான்ஸிலேயே, லாயோல் என்ற ஊரில், 1829இலிருந்து பியேர்-ழான் கல்மெல்ஸ் வழியில் ஒரு மடக்குக்கத்தி பேர் பெற்றிருந்தது. மெலிந்த இடுப்பு, முதுகில் எஃகு வில், விரித்தால் 'டக்'கென்று ஒரு சத்தம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பிடியில் எத்தனை துண்டுகள் என்று எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் கொம்புச் சில்லு, உள்ளே உலோகத் தகடுகள், நடுவே வில், எல்லாவற்றையும் இறுக்கும் தறையாணிகள். ஒவ்வொன்றையும் கைதேர்ந்தவர் இழைத்து இழைத்துப் பொருத்த வேண்டும். மலைக் குடியானவன் அதை வாங்க யோசிப்பான்.

ஜோசப் வில்லையே எடுத்துவிட்டார். பிடிக்கு ஒரே ஒரு மரத்துண்டு. அதில் பாதிக்கு மேல் ஆழமாக ஒரு பிளவு. முதுகுப் பக்கம் மரம் முழுசாக நிற்கும். அலகை அந்தப் பிளவில் வைத்து ஒரு ஆணி. ஆணி அடித்த இடத்தில் மரம் பிளக்காமல் இருக்க வெளியே ஓர் இரும்பு வளையம். உலக்கையின் அடி பிளந்துவிடாமல் இருக்க நம் வீடுகளில் போடுகிறோமே, அதே பூண். அலகு நிற்பதும் படுப்பதும் மரத்துக்கும் எஃகுக்கும் இடையே உள்ள உராய்வால் மட்டும்தான். மழைக்காலத்தில் என் கத்தி திறக்காமல் போவதும் அதே உராய்வால்தான். அந்தக் குறை இல்லாமல் அந்த எளிமை கிடைத்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் மிகி என்ற கொல்லர் நகரத்திலும் இதே கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 'ஹிகோனோகாமி' என்ற கத்தி. மடித்த உலோகத் தகடே பிடி, அங்கேயும் வில் கிடையாது. அலகின் அடியில் ஒரு சின்ன வால் நீண்டிருக்கும். வெட்டும்போது கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கட்டைவிரல்தான் பூட்டு. பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் பென்சில் சீவினார்கள்.

பிடியின் வடிவத்துக்கு வருகிறேன், எனக்கு நெருக்கமான பகுதி இதுதான். உங்களிடம் ஒப்பினெல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். நடுவில் பீப்பாய் போலக் கொஞ்சம் பருத்து, முழு உருண்டையாக இல்லாமல், மெல்ல வளைந்து போகும். வால்பக்கம் மீன்வால் போல விரிந்து, சரிவாக வெட்டி முடியும். விரலுக்கு விரல் பள்ளம் தோண்டிய கத்திகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். கடையில் கையில் எடுக்கும்போது அவை நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பள்ளங்கள் ஒரே ஒரு கைக்கு, ஒரே ஒரு பிடிப்புக்கு வெட்டியவை. நான் கயிறு அறுக்கும்போது கத்தியை முன்னால் பிடிப்பேன், குச்சி சீவும்போது பின்னால், தேங்காய்ப் பருப்பு கீறும்போது தலைகீழாக. பள்ளம் இல்லாத பீப்பாய் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. ஈரக் கையில் வழுக்கினால் மீன்வால் வந்து கையைத் தடுக்கிறது. அதில் கூரான மூலை இல்லாததால் என் காய்ப்பும் சும்மா இருக்கிறது.

இதை வெறும் கையின் ஞானம் என்று சொல்லிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களில் ஜோசப் ஜெவூடாஸ் பாலத்துக்கு அருகே சிறிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார். அதில் மரப்பிடிகளை மொத்தமாக வெட்டித்தள்ள ஓர் இயந்திரத்தைத் தானே வடிவமைத்து நிறுத்தினார். வெட்டுக்கருவி தடையில்லாமல் ஓட, மூலைகளும் பள்ளங்களும் இல்லாத வடிவம்தான் தோது. அதே வடிவத்தைத்தான் உள்ளங்கையும் கேட்கிறது. இயந்திரத்துக்கும் கைக்கும் ஒரே வடிவம் பிடித்துப்போவது அபூர்வம். என் பண்ணைக்கு வந்த எத்தனையோ கருவிகளில் இயந்திரத்துக்குச் சௌகரியமானதை என் கை சகித்துக்கொண்டிருக்கிறது.

'எர்கோனாமிக்ஸ்' என்ற சொல்லை மகள் வழியாகத்தான் கேட்டேன். வேலை, விதி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்தது. போலந்துக்காரரான யஸ்த்ஷெம்பொவ்ஸ்கி 1857இல் ஒருமுறை எழுதினார், யாரும் கவனிக்கவில்லை. பிரிட்டனில் ஹைவெல் மரல் 1949இல் மறுபடி உருவாக்கிய பிறகே அது ஒரு துறையின் பெயரானது. அதற்குள் ஒப்பினெல் பிடிக்கு அறுபது வயது நெருங்கிவிட்டது.

1897இல் ஜோசப் செய்த காரியத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒரே கத்தியை எல்லாருக்கும் பொருத்தப் பார்க்காமல், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவில் செய்தார். செருப்புக் கடை போல. பன்னிரண்டாம் எண் அலகு 12 செ.மீ., என்னுடைய எட்டாம் எண் 8.5 செ.மீ., இரண்டாம் எண் 3.5 செ.மீ. ஒன்றாம் எண் கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பொடிசு. 1930களில் ஒன்றையும் பதினொன்றையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்று அளவுக்கு மீறிச் சின்னது, பதினொன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே வேலையில்லாமல் நின்றது.

பள்ளத்தாக்கு வழியாக இத்தாலிக்குப் போகும் ரயில் சுரங்கம் 1871இலேயே திறந்திருந்தது. மூட்டை வியாபாரிகள் சுமந்து விற்ற கத்திக்கு அந்தப் பாதை வெளி உலகத்தைக் காட்டியது. 1909இல் 'முடிசூடிய கை' முத்திரை பதிவானது. 1565இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்ல்ஸ், கத்திக் கொல்லர் ஒவ்வொருவரும் தன் சரக்கில் தன் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார். அந்த மரபின் தொடர்ச்சி இது. கை, பக்கத்து ஊரான சேன்-ழான்-த-மோரியேனின் சின்னத்திலிருந்து வந்த திருமுழுக்கு யோவானின் ஆசீர்வாதக் கை. முடி, சவோய்ப் பிரபுக்களுடையது. என் அலகில் மாம்பால் பட்டுப்பட்டுக் கறுத்துப்போன இடத்திலும் அந்தக் கை தெரிகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஷாம்பெரிக்கு அருகே கொன்யேனில் ஒரு பழைய தோல் பதனிடும் ஆலையை வாங்கினார்கள். 1926இல் அங்கே தொழிற்சாலை தீயில் அழிந்தது. மறுபடி கட்டினார்கள்.

ஒரு பெரிய குறை மட்டும் 65 வருடம் அப்படியே இருந்தது. திறந்த அலகைப் பிடித்து நிறுத்த உராய்வைத் தவிர எதுவும் இல்லை. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தாலோ, முனையை மரத்தில் குத்தித் திருகினாலோ, அது விரல்மேல் மடங்கும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில் திருவிழாக் கடையில் வாங்கிய பேனாக்கத்தி ஒன்று என் ஆள்காட்டி விரலில் மடங்கியது. தழும்பு இன்றும் வெள்ளைக் கோடாக இருக்கிறது, குளிர்காலத்தில் மரத்துப்போகும்.

1955இல் ஜோசப்பின் மகன் மார்செல் அதற்குத் தீர்வு கண்டார். ஏற்கெனவே இருந்த பூணின் மேல் இன்னொரு பூண், ஒரு பக்கம் வெட்டுவிட்டது. விரலால் கொஞ்சம் திருப்பினால் வெட்டு விலகி, வளையம் அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும். 'விரோபிளாக்' என்று பேர். பிரெஞ்சில் 'விரோல்' என்றால் பூண். நம் மொழியில் பூண்பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே எதையும் தொடவில்லை. பிடி, பிளவு, ஆணி எல்லாம் அப்பா வைத்த இடத்திலேயே இருந்தன. 1960இல் இறந்த ஜோசப், இதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2000இல் இன்னும் ஒரு திருத்தம் செய்து, மூடிய நிலையிலும் பூட்டும்படி ஆக்கினார்கள். பையில் தானாகத் திறந்துகொள்ளும் பயமும் போனது.

பூட்டு ஆறாம் எண்ணிலிருந்து மேலே உள்ளவற்றுக்குத்தான். பிரிட்டனில் பூட்டு இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் கேட்காமல் வைத்துக்கொள்ள விடுகிறது சட்டம். விரலைக் காக்கும் வளையமே அங்கே சட்டத்தின் கண்ணில் சந்தேகத்துக்குரியது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. பூட்டில்லாத கத்தி யாரைக் கடிக்கும் என்பது என் விரலுக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு மகளோடு சேன்-ழான்-த-மோரியேன் போனேன். 1989இலிருந்து அங்கே ஒப்பினெல் அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985இல் உலகின் மிக அழகான நூறு பொருட்களில் ஒன்றாக இந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்ததை மகள் எடுத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். என் கண் எண்வரிசையில் அடுக்கிவைத்திருந்த கத்திகளை விட்டு நகரவில்லை. அம்மாவும் பிள்ளைகளும் உயரப்படி நின்று படம் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாருடைய கை என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

போன தையில் பண்ணைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பத்தொன்பது வயது, கை வேகம். விரல்கள் சின்னவை. என் எட்டாம் எண்ணை வாங்கிச் சாக்கு அறுத்தபோது, வளையத்தைத் திருப்ப அவள் பிடியை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. "பெருசா இருக்கு அக்கா" என்றாள். அன்று ராத்திரி அவள் கையைக் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஆறா, ஏழா என்று கேட்டிருக்கிறேன்.