எடையை மட்டும் நம்பிய பாலம்

இன்னைக்கு எபிசோட் ஒரு இணைப்பைப் பற்றி. விட்டமும் தூணும் சந்திக்கிற, நாம யாரும் நிமிர்ந்து பார்க்காத இடத்தைப் பற்றி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள், ஊர் நிறைய யாத்ரீகர்கள். காலையில சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இது நமக்கெல்லாம் தெரியும். அதே நாள், கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் நடந்த ஒன்று, இன்ஜினியர்கள் வட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த கான்கிரீட் பாலத்தின் மேல்தளத்தை அலை தூக்கிக்கொண்டு போய்விட்டது. கீழே தூண்கள் நின்றன. மேலே ரோடு இல்லை.

அவ்வளவு கனமான கான்கிரீட்டைத் தண்ணீர் எப்படித் தூக்கும்? கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,500 கிலோ. ஒரு கன மீட்டர் கடல்நீர் 1,025 கிலோ. ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி, முழுசா முங்கின கான்கிரீட்டின் எடை 1,475 கிலோ மாதிரிதான் வேலை செய்யும். அதாவது நாற்பது சதவீத எடை அங்கேயே காணாமல் போச்சு.

அடுத்தது காற்று. டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணிக்குள்ள அமுக்கிப் பாருங்க, அது மேலே தள்ளும். பாலத்துக்கு அடியில் விட்டங்களுக்கு நடுவே இருக்கிற பள்ளமும் அதே கவிழ்த்த டம்ளர்தான். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஒன்றரை கன மீட்டர் காற்று சிக்கிக்கொண்டால், கணக்குப்படி பாலமே மிதக்கும். அந்த அளவுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. எடை குறையக் குறைய உராய்வும் குறையும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு அலை இடித்தால் போதும்.

மேலமணக்குடியில் மேல்தளம் ரப்பர் பேரிங் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. தூணோடு அதைப் பூட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. எடைதான் ஒரே பூட்டு. அந்த எடையைக் கடல் எடுத்துக்கொண்டது.

எடையை நம்புவது தப்பான ஐடியான்னு சொல்ல முடியாது. வேளாங்கண்ணியிலிருந்து மேற்கே போனா தஞ்சாவூர் பெரிய கோயில் இருக்கு. கல் மேல் கல், எடைதான் பிணைப்பு, ஆயிரம் வருஷம் தாண்டி நிற்குது. ஆனால் அங்கே அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல். பாரம் எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும், கல் கல்லை அமுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு தூணுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் விட்டத்தின் கதை வேற. பாரம் கீழே இறங்குகிற வரைக்கும்தான் அதுக்குப் பிரச்சினை இல்லை. நிலநடுக்கம் பக்கவாட்டில் இழுக்கும். வெள்ளம் மேலே தூக்கும்.

ப்ரீகாஸ்ட் கட்டுமானத்தின் மொத்த வரலாறும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் ஓடுது. விட்டம், பலகை, சுவர் எல்லாவற்றையும் யார்டில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் ஏற்றி அடுக்குவது. வேகம், தரம், செலவு எல்லாத்துலயும் லாபம். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, ஒவ்வொரு பாகமும் யூனிட் டெஸ்ட் பாஸ். உடையுறது இன்டக்ரேஷனில்.

1968 மே 16, லண்டன். ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. 18-வது மாடியில் கேஸ் வெடிப்பு. ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட, அந்த மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகு 1970-ல் பிரிட்டன் கட்டட விதிகளை மாற்றியது: ஒரு பாகம் போனால் மொத்தக் கட்டடமும் போகக்கூடாது. 1986-ல் அந்தக் கட்டடத்தைப் பிரித்தபோது, சில இணைப்புகளில் கலவை நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் பழைய நியூஸ்பேப்பர் இருந்தது.

2001 ஜனவரி 26, குஜராத் நிலநடுக்கம். கட்ச் பகுதியில் ப்ரீகாஸ்ட் பாகங்களால் புதுசா கட்டியிருந்த பள்ளிகள் பல விழுந்தன. கூரைப் பலகைகளுக்கும் விட்டங்களுக்கும் நடுவே சரியான பிணைப்பு இல்லை. அன்றைக்குக் குடியரசு தினம், வகுப்புகள் நடக்கவில்லை. வேறொரு வெள்ளிக்கிழமையா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு.

சரி, இணைப்பை எப்படிப் பலப்படுத்துறாங்க? புதுக் கட்டடம்னா முதல் வழி, இரண்டு பாகங்களிலிருந்தும் கம்பியை வெளியே நீட்டி, ஒன்றோடொன்று கோர்த்து, அந்த இடைவெளியில் சைட்டிலேயே கான்கிரீட் போடுவது. பலகைகளுக்கு மேலே கம்பி வலை விரித்து ஒரு மெல்லிய கான்கிரீட் அடுக்கு போட்டால் தனித்தனிப் பலகைகள் ஒரே தளமாக வேலை செய்யும். இரண்டாவது வழி, கம்பிகளை ஒரு இரும்புக் குழாய்க்குள் இரண்டு பக்கமும் செருகி, கிரவுட் நிரப்புவது. ஹவாயைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் யீ 1960-களின் கடைசியில் கண்டுபிடித்தது இது. உள்ளே கிரவுட் முழுசா நிரம்பியதான்னு வெளியிலிருந்து தெரியாது என்பதுதான் இதில் தலைவலி. மூன்றாவது, விட்டத்தையும் தூணையும் இழுவிசைக் கேபிளால் சேர்த்துக் கட்டுவது. 1999-ல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஐந்து மாடி மாதிரிக் கட்டடம் ஒன்றை இந்த வகை இணைப்புகளோடு சோதித்தார்கள். ஆட்டம் நின்றதும் கேபிள் சட்டத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தது.

ஏற்கெனவே நிற்கிற பாலத்துக்கும் வழி உண்டு. 1971 நிலநடுக்கத்துக்குப் பிறகு கலிஃபோர்னியா தன் பாலங்களில் ஸ்பேனோடு ஸ்பேனைக் கேபிளால் கட்ட ஆரம்பித்தது. தூண் தலையில் இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்புக் கட்டை வைக்கலாம், விட்டம் உட்காரும் இடத்தை அகலப்படுத்தலாம், மேலே எழும்பாமல் இருக்க போல்ட் போட்டுப் பிடிக்கலாம், சிக்கிய காற்று வெளியேறத் துளை விடலாம். 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் ஏரி மேல் இருந்த இரட்டைப் பாலத்தின் ஸ்பேன்களையும் இதே மாதிரி தள்ளிவிட்டது. புதுப் பாலத்தைப் பழசைவிட ஆறு மீட்டருக்கு மேல் உயர்த்திக் கட்டினார்கள்.

இது நமக்கு எதுக்கு? 2022-ல் சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில் கட்டித் திறக்கப்பட்டன. மெட்ரோவிலும் ப்ரீகாஸ்ட் நிறைய. 2025 ஜூன் 12 இரவு, மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்காக ஏற்றி வைத்திருந்த இரண்டு கர்டர்கள் விழுந்து, பைக்கில் போன ஒருவர் இறந்தார். கர்டரைத் தற்காலிகமாகத் தாங்கிய சட்டம் நழுவியிருந்தது. நிரந்தர இணைப்பு போடுற வரைக்கும் ஒவ்வொரு விட்டமும் மேலமணக்குடி பாலம் மாதிரிதான்.

ப்ரீகாஸ்ட் கட்டடங்களுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 15916 என்ற விதித்தொகுப்பு 2010-லிருந்து இருக்கு. ப்ரீகாஸ்ட் ஃபிளாட் வாங்கப் போறீங்கன்னா, டைல்ஸ் பிராண்டைக் கேட்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: இணைப்பு எந்த வகை, கிரவுட்டை யார் சோதிச்சாங்க, அந்த ரிப்போர்ட்டைக் காட்ட முடியுமா? பதில் சொல்லத் தடுமாறினாங்கன்னா, அட்வான்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.